கை குலுக்கினால் வேலை போகும்!

தங்கக் கை குலுக்கல்! கேட்கும்போதே காதில் தேன் பாய்கிறது அல்லவா? முதலாளி எழுந்து வருகிறார். தொழிலாளியின் காய்த்துப்போன கையைப் பற்றிக் குலுக்குகிறார். குலுக்கிய கையிலே பொற்காசு மின்னுகிறது. இப்படித்தான் மனக்கண்ணில் படம் விரியும். ஆங்கிலத்தில் 'கோல்டன் ஹேண்ட்ஷேக்' என்றொரு தொடர் உண்டு. அதன் உண்மைப் பொருள் என்ன தெரியுமா, தோழர்களே? "இந்தா பணம், நாளை முதல் வேலைக்கு வராதே!" அவ்வளவுதான். சொல்லோ தங்கம், பொருளோ தகரம்!

ஆங்கிலத்தின் மீது நமக்குப் பகை இல்லை. உலகத்தோடு பேச உதவும் மொழி அது. நம் பிள்ளைகள் அதை நன்றாகவே படிக்கட்டும். ஆனால் ஒன்று. ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் எல்லாம் ஆங்கிலக் கடிதத்தைப் புரிந்துகொண்டவன் ஆகமாட்டான். சொல்லுக்குப் பொருள் அகராதியில் இருக்கிறது. தொடருக்குப் பொருள் அதை ஆளுகிறவனின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் தெரியாதவன் சொல்லை நம்பிப் பொருளை இழக்கிறான்.

இது ஆங்கிலத்துக்கு மட்டுமே உள்ள மாயமா? இல்லை. நம் தமிழிலும் உண்டு. "அண்ணனைத் தலைமுழுகிவிட்டான்" என்று சேலத்துக் கடைவீதியிலே ஒருவர் சொல்கிறார். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைக் கேட்டால் என்ன எழுதிக்கொள்வார்? "தம்பி அண்ணனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினான்" என்றுதான் எழுதிக்கொள்வார்! "காதிலே பூச்சுற்றுகிறான்" என்றால் அலங்காரம் செய்கிறான் என்பார். "பட்டை நாமம் போட்டுவிட்டான்" என்றால் பக்தி முற்றிவிட்டது என்பார். அவர் தவறு செய்தால் நாம் சிரிப்போம். நாம் தவறு செய்தால்? அங்கே சிரிப்பு இல்லை, தோழர்களே, சோறு போகிறது!

அரைச் சம்பளத்தைக் கோட்டைவிட்ட தோழர்

நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். 2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தை மின்வெட்டு வாட்டி எடுத்தது நினைவிருக்கும். அப்போது நாமக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் (பெயர் வேண்டாம்) அறிவிப்புப் பலகையிலே ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். மின்சாரப் பற்றாக்குறையால் இன்னின்ன பகுதித் தொழிலாளர்கள் 'லே-ஆப்' செய்யப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். எட்டாம் வகுப்புவரை படித்த தோழர் ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். 'ஆப்' என்ற சொல் மட்டும் அவருக்குத் தெரியும். விளக்கை ஆப் செய்தால் இருட்டு. வேலையை ஆப் செய்தால்? "நம்மை நீக்கிவிட்டார்கள்" என்று முடிவு கட்டினார். மறுநாளே துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

உண்மைப் பொருள் என்ன? 'லே-ஆப்' என்றால் வேலைநீக்கம் அன்று. மின்சாரம், நிலக்கரி, மூலப்பொருள் இல்லாமையாலோ, சரக்குத் தேங்கியதாலோ, எந்திரம் பழுதானதாலோ நிர்வாகத்தால் இப்போது வேலை கொடுக்க முடியவில்லை என்பதே பொருள். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, உறவு அறவில்லை. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில், ஓராண்டு தொடர்ந்து உழைத்த நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 விழுக்காடு கொடுத்தாக வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் அப்படி வகுத்தது. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பும் அந்த விதியைத் தொடர்கிறது.

ஆனால் அதிலே ஒரு கொக்கி உண்டு. தொழிலாளி நாளுக்கு ஒரு முறையாவது, குறித்த நேரத்தில், ஆலை வாயிலுக்கு வந்து "வந்திருக்கிறேன்" என்று தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். வராதவருக்கு அந்தப் பாதிச் சம்பளம் கிடையாது! நம் தோழர் எங்கே இருந்தார்? திருப்பூரிலே! வாயிலுக்கு வந்து பெயர் கொடுத்தவர்கள் பாதிச் சம்பளம் பெற்றார்கள். இவர் பெற்றது பேருந்துச் சீட்டு ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் அரைவயிற்றுக் கஞ்சியை இரண்டு எழுத்துச் சொல் ஒன்று பறித்துக்கொண்டது!

இதைப் போல இன்னும் சில சொற்கள் உண்டு. 'ரிட்ரென்ச்மென்ட்' என்றால் ஆட்குறைப்பு. இங்கே உறவு அறுகிறது. அதனால்தான் ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் உண்டு. 'லாக்-அவுட்' என்றால் கதவடைப்பு. தகராற்றிலே முதலாளி ஏந்தும் ஆயுதம். 'குளோஷர்' என்றால் நிரந்தர மூடல். தொழிலாளியின் கண்ணுக்கு நான்கிலும் தெரிவது ஒரே பூட்டுத்தான். ஆனால் நான்குக்கும் நான்கு விதி, நான்கு உரிமை. பூட்டைப் பார்த்துப் பொருள் கொள்ளாதீர்கள். தாளிலே எழுதிய சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

பவணந்தியார் அன்றே சொன்னார்

இந்தச் சொல் வித்தையைப் புரிந்துகொள்ள நாம் இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தகுதி வழக்கு என்று மூன்றைக் காட்டினார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையிலே சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். சுடுகாட்டை நன்காடு என்றும், செத்தாரைத் துஞ்சினார் என்றும் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கச் சொல்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்களாமே, அதுபோல.

முதலாளிமார் பேசும் ஆங்கிலத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஆளைக் குறைப்பதைச் 'சரியான அளவாக்குதல்' என்கிறார்கள். அது மங்கலம்! வங்கியில் கோடி கோடியாய்க் கடன் வாங்கியவர் கட்டாமல் போனதில் ஒரு பெரும் பகுதியை வங்கி கைவிடுவதற்கு 'ஹேர்கட்' என்று பெயர். முடிவெட்டுதலாம்! அது குழூஉக்குறி. நாம் முடிவெட்டிக்கொண்டால் நாம்தான் காசு கொடுக்கிறோம். அவர் முடிவெட்டிக்கொண்டாலும் நாம்தான் காசு கொடுக்கிறோம்!

சேலத்துத் தோழர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்ட வேண்டியதில்லை: 'ஸ்ட்ராட்டஜிக் டிஸ்இன்வெஸ்ட்மென்ட்'. கஞ்சமலையின் இரும்பை நம்பி உருக்காலை வேண்டும் என்று தமிழகம் கேட்டது. 1967-இல் எழுச்சி நாள் கொண்டாடி அண்ணா கேட்டார். 1970-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981-இல் உற்பத்தி தொடங்கியது. அந்த ஆலைக்குத்தான் பின்னாளில் இந்த நீண்ட சொல்லைச் சூட்டினார்கள். 2019-இல் வாங்க விருப்பமுள்ளோரை அழைத்து அறிவிப்பும் விட்டார்கள். 'உபாயமான முதலீட்டு விலக்கல்' என்று மொழிபெயர்த்தால் யாருக்குப் புரியும்? "விற்பனை" என்றால் பாட்டிக்கும் புரியும். புரிந்துவிட்டால் பாட்டி கேள்வி கேட்பாள்! தொழிலாளர்களுக்கு அது புரிந்தது. அதனால்தான் குடும்பத்தோடு போராட்டத்துக்கு வந்தார்கள்.

அரசு ஆலைகளைப் பற்றிப் பேசும்போது 'ஒயிட் எலிபன்ட்' என்பார்கள். வெள்ளை யானை! சயாம் நாட்டு அரசர், தமக்குப் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். புனித யானை, வேலை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, தீனி போட்டே அழிய வேண்டும். இது கதை. பயனற்ற பெருஞ்செலவு என்பது தொடரின் பொருள். சரி, வெள்ளை யானை என்றால் அதை வாங்கத் துடிப்பவர் யார்? தீனிக்கு அழுகிற யானையை யாராவது விலை கேட்பார்களா? இதையும் எண்ணிப் பாருங்கள். பிரிட்டனிலே தாட்சர் ஆட்சி அரசு நிறுவனங்களை விற்றபோது, அவருடைய கட்சியைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் மாக்மில்லனே 1985-இல், நொடித்த குடும்பம் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை விற்பதற்கு அதை ஒப்பிட்டுப் பேசினார். 'குடும்ப வெள்ளியை விற்றல்' என்ற தொடர் அதிலிருந்து ஊரெங்கும் பரவிற்று. நம் ஊர்வழக்கில் சொன்னால், விதைநெல்லைக் குத்தித் தின்பது!

லாரிச் சீட்டும் தறிக்கூடமும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் வாழ்வே சக்கரத்தின் மீது ஓடுகிறது. லாரிச் சரக்குச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சிட்டிருக்கும். ஓனர் என்றால் நம் ஓட்டுநருக்கு யார்? லாரி உரிமையாளர்! "அபாயம் நம் ஓனர் தலையில்தான்" என்று எண்ணிக்கொள்கிறார். அங்கே ஓனர் என்பது சரக்கின் உடைமையாளர். 'செட் டு கன்டெய்ன்' என்று இன்னொன்று. "மூட்டைக்குள் இன்னது இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார், நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை" என்பது அதன் பொருள். சோதனைச் சாவடியிலே மூட்டைக்குள் வேறொன்று இருந்தால், கேள்விக்கு முதலில் நிற்பவர் ஓட்டுநர் அல்லவா? அந்த மூன்று சொல்லும் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவருக்கு நல்லது.

'பம்பர் டு பம்பர்' காப்பீடு என்பார்கள். முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை எல்லாம், எல்லாரும் அடக்கம் என்று தோன்றும். காப்பீட்டுக்காரர் வழக்கில் அது வண்டியின் உதிரி உறுப்புகளுக்குத் தேய்மானம் கழிக்காமல் ஈடு தருவது. வண்டிக்குள் இருக்கும் மனிதருக்கு ஈடு என்பது வேறு கணக்கு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம், புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்றும், அதனோடு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளருக்கும் காப்பு வேண்டும் என்றும் ஆணையிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துச் சொல்லப்பட்டபின், செப்டம்பரில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. காப்பீட்டுத் தாளிலே வண்டிக்கு என்ன, ஆளுக்கு என்ன என்று தனித்தனியே கேட்டறிவது வண்டியை நம்பி வாழ்பவரின் கடமை.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களுக்கு வாருங்கள். அங்கே 'அட்வான்ஸ்' என்ற சொல் ஆட்சி செய்கிறது. ஆங்கிலத்தில் அட்வான்ஸ் என்றால் முன்பணம். முன்னேற்றம் என்றும் பொருள் உண்டு. ஆனால் அந்த அட்வான்சை வாங்கிய தொழிலாளி ஓரடி முன்னேற முடிகிறதா? கடன் தீரும்வரை அந்தத் தறியை விட்டு நகரக்கூடாது என்கிறார்கள். கடனோ தீருவதே இல்லை. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அப்படிப்பட்ட கடனே செல்லாது என்கிறது. சொல்லின் பெயர் முன்னேற்றம்; பிடித்திருப்பது கால் விலங்கு!

உழைப்பவன் வார்த்த சொற்கள்

எல்லாத் தொடரும் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அல்ல. உழைப்பாளியின் வியர்வையில் பிறந்தவையும் உண்டு. 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1768-இல் இலண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி கேட்டுக் கப்பல்களின் பாயை இறக்கினார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் மொழியிலே 'ஸ்ட்ரைக்' என்று பெயர். பாய் இறங்கினால் கப்பல் ஓடாது. அன்று முதல் வேலைநிறுத்தத்துக்கே அது பெயராயிற்று. 1880-இல் அயர்லாந்திலே குத்தகை விவசாயிகளைக் கசக்கிய நிலச்சுவான்தாரின் காரியக்காரர் ஒருவர்; பெயர் கேப்டன் பாய்காட். ஊரே சேர்ந்து அவருக்கு வேலை செய்ய மறுத்தது; கடைக்காரர் சரக்குக் கொடுக்க மறுத்தார். அந்த ஆளின் பெயரே 'பாய்காட்' என்று உலக மொழிகளில் ஏறிற்று. மக்கள் ஒன்றுபட்டால் அகராதியும் வளையும்!

'டெட்லைன்' என்று அலுவலகத்தில் நாளும் சொல்கிறோம். கடைசித் தேதி என்று பொருள் கொள்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறைமுகாமிலே கைதிகளைச் சுற்றிப் போட்ட எல்லைக் கோடு அது. தாண்டினால் துப்பாக்கிக் குண்டு. 1950 பிப்ரவரி 11-இல் சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்ற கொடுமையை அறிந்த நமக்கு, அந்தச் சொல்லின் பழைய பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலைநிறுத்தத்தின்போது உள்ளே நுழைபவனை நாம் என்னவென்று அழைக்கிறோம்? கருங்காலி! ஆங்கிலத்தில் அவனுக்கு 'பிளாக்லெக்' என்று பெயர். கறுத்த கால் என்பதையே தமிழாக்கிக் கருங்காலி என்றார்கள் என்பர் சிலர். இல்லை, கருங்காலி வைரமேறிய மரம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுவதால் அந்தப் பெயர் என்பர் வேறு சிலர். எதுவாயினும் ஆகட்டும், ஆங்கிலச் சொல்லோடு தமிழ்ச் சொல் எவ்வளவு அழகாகக் கைகோத்துக்கொண்டது பாருங்கள்! மொழிபெயர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். நம் மரத்தில் முளைத்ததுபோல் இருக்க வேண்டும்.

ஒரு சொல்லை மட்டும் தோழர்கள் விலக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவனைப் 'பரையா' என்கிறார்கள். உலகம் ஒதுக்கிய நாட்டைப் 'பரையா நாடு' என்று ஏடுகள் எழுதுகின்றன. அந்தச் சொல் எங்கே இருந்து போனது? நம் மண்ணிலிருந்து! பறை முழக்கிய மக்களின் பெயரை எடுத்துக்கொண்டுபோய், உலக மேடையிலே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறதே என்று நம் பேச்சாளர் எவரும் அதை மேடையில் உருட்டக்கூடாது. சாதியை ஒழிக்கப் புறப்பட்டவன் வாயில் சாதி வசை ஆங்கில உடுப்பு மாட்டிக்கொண்டு வரலாமா?

என்ன செய்வது?

நம் சேலத்துக்கு இதிலே ஒரு வரலாறு உண்டு. 1916-இல் இதே சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் ஆங்கில அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கம் கண்டார்கள். அதற்கென்று ஓர் இதழும் நடத்தினார்கள். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே இராஜாஜிதான்! அவரோடு வேறுபட்டவர்கள் கணக்கில் அடங்கார். ஆயினும் அன்று செய்த நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்வதே நேர்மை. அன்று அவர்கள் அறிவியலுக்குச் செய்ததை இன்று நாம் ஆலைக்கும், தறிக்கும், லாரிக்கும் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு கரும்பலகை வையுங்கள். நாளுக்கு ஓர் ஆங்கிலத் தொடர். அதன் கீழே அதன் உண்மைப் பொருள், தமிழில். கல்லூரியில் படிக்கும் தம்பிமார் எழுதட்டும். ஆலையில் உழைக்கும் அண்ணன்மார் கேள்வி கேட்கட்டும். 'கேஷுவல் லீவ்' என்றால் சாதாரண விடுப்பு. ஆனால் ஒரே நாளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எடுத்தால் புதிய தொகுப்பின்படி அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இதைப் பலகையில் முதல் நாளே எழுதுங்கள்.

'புல் அண்ட் பைனல் செட்டில்மென்ட்' என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். "எல்லாக் கணக்கும் முடிந்தது, இனி எனக்குப் பாக்கி எதுவும் இல்லை" என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக அது ஆகிவிடும். பணம் தேவை, ஆனால் கணக்கு தவறு என்றால், "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று தமிழிலேயே எழுதி, தேதியிட்டு, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று கடிதத்தின் தலையில் கண்டால், "என் உரிமைக்குக் குறைவில்லாமல் பேசுகிறேன்" என்கிறார் முதலாளி என்று அறிந்துகொள்ளுங்கள். அவர் உரிமையை அவர் காப்பாற்றிக்கொள்கிறார். நம் உரிமையை யார் காப்பாற்றுவது? நாம்தான்.

புரியாத தாளைப் புரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். "தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது பிச்சை அன்று. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி ஆக்கியிருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நீங்கள் தமிழிலேயே மனு எழுதலாம், எழுத வேண்டும்.

ஈசாப்புக் கதையில் வரும் 'சிங்கத்தின் பங்கு' என்ற தொடருக்குப் பெரும்பகுதி என்று பொருள் சொல்கிறார்கள். கதையைத் திருப்பிப் படியுங்கள், தோழர்களே! கூட்டாக வேட்டையாடினார்கள், பங்கு பிரிக்கும்போது சிங்கம் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு காரணம் சொல்லிற்று, கடைசியில் எல்லாப் பங்கையும் தானே எடுத்துக்கொண்டது. காரணங்கள் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தன. கூட வேட்டையாடியவர்கள் அவற்றைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

நாம் சும்மா நிற்கப் போவதில்லை. கேட்போம், பொருள் கேட்போம், பொருள் தெரிந்தபின் பங்கும் கேட்போம்!